300-க்குக் காசு, 94-தான் வேகமா? பழைய ரவுட்டருக்கு ஒரு குட்டி வைத்தியம்!

உங்கள் தெருவிலேயே இப்படி ஒரு வீடு இருக்கும். மருமகள் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து அனுப்புகிறார். அவர் மகன் பிளஸ் டூ. மாமனாருக்கு மாலையில் டி.வி.யில் பழைய படம் ஓட வேண்டும். இன்டர்நெட் பில் மட்டும் மாமனாரின் பென்ஷனிலிருந்து போகிறது.

மருமகளுக்கு ஆர்டர்கள் கூடின. 100 எம்பிபிஎஸ் பிளான் போதவில்லை என்று போன மாதம் 300-க்கு மாறினார்கள். பில் ஏறியது, வேகம் ஏறவில்லை.

"என்னம்மா, 300-ன்னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க? இன்னும் அதே 94-தான் காட்டுது?"

"ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன் மாமா. 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொல்றாங்க."

"அப்போ நம்ம பக்கம் எங்கே கோளாறு?"

மாமனார் கேட்டதுதான் சரியான கேள்வி. இதற்கான விடையில் பாதி, அந்த 94 என்ற எண்ணிலேயே இருக்கிறது.

94 ஒரு துப்பு

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் ஒரு முறை 40, அடுத்த முறை 70, வாசலில் நின்றால் 20 என்று தாறுமாறாக வருகிறதா? அது பெரும்பாலும் வைஃபை பிரச்னை. சுவர், தூரம், பக்கத்து வீட்டு சிக்னல் என்று காரணங்கள் பல. ஆனால் எத்தனை முறை போட்டாலும் 92, 94, 93 என்று ஒரே இடத்தில் முட்டி நிற்கிறதா? வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் வாசல் இருக்கிறது என்று அர்த்தம்.

100 ஏன் 94 ஆகிறது? கேபிளில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு முழுப் பொட்டலம் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கும். அதில் உங்கள் வீடியோவோ படமோ இருப்பது அதிகபட்சம் 1,460 பைட். மீதியெல்லாம் முகவரி, பிழை சரிபார்க்கும் எண்கள், இரு பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளி. கணக்குப் போட்டால் 100-க்கு 95-ஐ ஒட்டி வரும். சில்லறைச் செலவுகள் போக, திரையில் தெரிவது 94.

இந்த 100 எம்பிபிஎஸ் வாசலுக்குப் பெயர் 'ஃபாஸ்ட் ஈதர்நெட்'. 1995-ல் வந்த தரம். அன்றைக்கு உண்மையிலேயே அது ஃபாஸ்ட்தான். 2004-ல் இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தபோது, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்தக் காலத்து வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் வாசல் என்பது சமுத்திரம். அதனால் ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகள் அதையே வைத்தார்கள். வைஃபை வேகம் கூடிய பிறகும், விலையைக் குறைவாக வைக்க, பல மாடல்களில் கேபிள் வாசலை மாற்றவில்லை.

அட்டைப்பெட்டியில் 'ஏசி 1200' என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே என்றால், அது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் ஏட்டு வேகத்தையும் கூட்டிச் சொல்வது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, ஆக ஏறக்குறைய 1,200. வீட்டுக்குள் இத்தனை அகலமான ஹால் இருந்தும், வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு 100-தான்.

முதலில் அளவு, அப்புறம் செலவு

சந்தேகம் வந்ததும் புது ரவுட்டர் வாங்க ஓட வேண்டாம். வாசல் எங்கே குறுகுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு உதவும் கருவிதான் இந்த வாரக் கதாநாயகன்: யு.எஸ்.பி. நெட்வொர்க் அடாப்டர். ஒரு பக்கம் யு.எஸ்.பி. பிளக், மறுபக்கம் இன்டர்நெட் கேபிள் சொருகும் துளை. விரல் நீளப் பொருள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'யு.எஸ்.பி. லேன் அடாப்டர்' என்று மலிவாக விற்கும் சிலவற்றிலும் அதே 100 எம்பிபிஎஸ் வாசல்தான் இருக்கும். 'கிகாபிட்', '1000 எம்பிபிஎஸ்' என்று தெளிவாகப் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். உள்ளே ரியல்டெக் ஆர்.டி.எல். 8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ் 88179 சிப் இருந்தால் இன்னும் நல்லது. இவை பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளவை, பின்னால் ரவுட்டரில் பொருத்தவும் ஒத்துழைப்பவை. பெயரில் ஒரு எண் குறைந்த 8152, அதே நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் சிப். ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த வீட்டில் அடாப்டர் வந்ததும் முதலில் லேப்டாப்பின் நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளையில் சொருகினார்கள். ரவுட்டருக்குப் போய்க்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கி அடாப்டரில் மாட்டினார்கள். இப்போது ஃபைபர் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ரவுட்டரே இல்லை. ஸ்பீடு டெஸ்ட் போட்டார்கள்.

94!

"பார்த்தியா, கம்பெனிக்காரன்தான் ஏமாத்துறான்" என்று மாமனார் எழுந்தே விட்டார்.

பேரன் விண்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஈதர்நெட்' என்று போய்ப் பார்த்தான். 'லிங்க் ஸ்பீடு' என்ற இடத்தில் 1000 இருக்க வேண்டும். 100 என்று இருந்தது. ஃபைபர் பெட்டியின் அடியில் கிகாபிட் போர்ட் என்றுதான் எழுதியிருக்கிறது, அடாப்டரும் கிகாபிட். அப்படியானால் நடுவில் மிச்சம் இருப்பது கேபிள் ஒன்றுதான்.

பிளக்கைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கியது. எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. 100 எம்பிபிஎஸ்-க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எப்போதோ அவசரத்துக்கு யாரோ நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிகாபிட்டுக்கு மட்டும் கூடுதலாக வேண்டிய மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான், வேகம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று உறையில் அச்சிட்ட புதுக் கேபிள் மாட்டினார்கள். லிங்க் ஸ்பீடு 1000. ஸ்பீடு டெஸ்ட் 290-ஐத் தாண்டியது. கம்பெனி சொன்னது உண்மைதான்.

பழையபடி ரவுட்டரை நடுவில் வைத்தார்கள். மறுபடியும் 94. ஆக, கேபிள் ஒரு முட்டுக்கட்டை, ரவுட்டரின் வாசல் இன்னொன்று. கேபிளை மட்டும் மாற்றியிருந்தாலும், ரவுட்டரை மட்டும் மாற்றியிருந்தாலும் திரையில் 94-தான் தெரிந்திருக்கும். 'புது ரவுட்டர் வாங்கியும் ஒன்றும் ஆகவில்லை' என்று பலர் நொந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

(சில வீடுகளில் ஃபைபர் பெட்டி, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வேலையை ரவுட்டரிடம் விட்டிருக்கும். அங்கே லேப்டாப்பை நேரடியாக மாட்டினால், அதே பெயரையும் பாஸ்வேர்டையும் லேப்டாப்பில் கொடுத்தால்தான் இணைப்பு வரும்.)

ரவுட்டரின் முதுகில் ஒரு துளை

இப்போது வைத்தியம். பழைய ரவுட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கும். பென்டிரைவ், பிரின்டர், 3ஜி டாங்கிள் மாட்டுவதற்காக வைத்தது. பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது யு.எஸ்.பி. 2.0 என்றால் ஏட்டளவில் 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் 300-ஐ ஒட்டித்தான் தரும். ஆனாலும் 100-க்கு மூன்று மடங்கு அகலம்! குறுகிய பழைய வாசலைப் பூட்டிவிட்டு, இந்தத் துளையில் கிகாபிட் அடாப்டரைச் சொருகி, இன்டர்நெட்டை அந்த வழியாக உள்ளே விட்டால்?

முடியும். ஆனால் சும்மா சொருகினால் ஒன்றும் நடக்காது. ரவுட்டருக்குள் கம்பெனி வைத்த மென்பொருளுக்கு இந்த அடாப்டர் யாரென்றே தெரியாது. அதற்கு 'ஓப்பன் டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருளை ரவுட்டரில் ஏற்ற வேண்டும்.

அதற்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை. 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி 54ஜி என்ற நீல-கறுப்பு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி நிரல்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று குரல் எழ, 2003-ல் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் முளைத்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. ரவுட்டரின் பெயரிலிருந்த மூன்று எழுத்துகள் இன்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று வெவ்வேறு நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான மாடல்களில் அது ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலை

இது அரை நாள் வேலை. வீட்டில் ஆன்லைன் வகுப்போ இன்டர்வியூவோ இல்லாத நாளாகப் பார்த்து உட்காருங்கள்.

1. அடிப்பக்கத்தைப் படியுங்கள். ரவுட்டரைத் திருப்பினால் மாடல் பெயரும் பக்கத்திலேயே 'வி1', 'வி2' போல ஒரு பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே பெயரில் வந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கும். ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலில் அதே மாடல், அதே பதிப்பு இருந்தால் மட்டும் தொடருங்கள். தவறான பதிப்புக்கான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும். 4 எம்பி சேமிப்பும் 32 எம்பி நினைவகமும் கொண்ட மிகப் பழைய மாடல்கள் இப்போதைய பதிப்புகளைத் தாங்காது. குறைந்தது 8 எம்பி, 64 எம்பி வேண்டும்.

2. எழுதி வையுங்கள். பழைய செட்டிங்ஸில் இருக்கும் இன்டர்நெட் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடுவில் இன்டர்நெட் இருக்காது. செய்முறைப் பக்கத்தையும் போனில் சேமித்துவிடுங்கள்.

3. கரண்ட் முக்கியம். மென்பொருள் ஏறும் இரண்டு மூன்று நிமிடங்களில் மின்சாரம் போனால் ரவுட்டர் போனதுதான். இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்ஸோ இல்லையென்றால் மழை நாளில் கை வைக்காதீர்கள். வைஃபை வழியாக ஏற்றாமல் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தே ஏற்றுங்கள்.

4. கதவைப் பூட்டுங்கள். புது மென்பொருள் ஏறியதும் வைஃபை பெரும்பாலும் அணைந்திருக்கும், நிர்வாகப் பாஸ்வேர்டும் காலியாக இருக்கும். கேபிளில் இருந்தபடியே 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய் முதல் வேலையாகப் பாஸ்வேர்டு வையுங்கள். உங்கள் ஃபைபர் பெட்டிக்கும் இதே 192.168.1.1 முகவரி என்றால், இரண்டும் மோதி இன்டர்நெட் வராது. ரவுட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள்.

5. டிரைவர் முதலில், அடாப்டர் பிறகு. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் இன்னும் பழைய வாசலிலேயே இருக்கட்டும். இன்டர்நெட் இருந்தால்தான் டிரைவரை இறக்க முடியும். 'சிஸ்டம்', அதில் 'சாஃப்ட்வேர்' பக்கத்தில் யு.எஸ்.பி. நெட்வொர்க் டிரைவர்களின் வரிசை இருக்கும். ரியல்டெக் 8153 சிப்புக்கும் 'ஆர்டிஎல் 8152' என்ற பெயருள்ள டிரைவர்தான். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

6. வாசலை மாற்றுங்கள். அடாப்டரைச் சொருகினால் புதிதாக ஒரு ஈதர்நெட் பெயர் பட்டியலில் தோன்றும். 'நெட்வொர்க்', அதில் 'இன்டர்ஃபேசஸ்' போய், 'வேன்' என்ற இணைப்பின் சாதனமாக அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கீழே 'வேன் 6' என்று இருந்தால் அதற்கும் அப்படியே. ஃபைபர் கேபிளைப் பழைய வாசலிலிருந்து எடுத்து அடாப்டரில் மாட்டுங்கள்.

7. கடைசியாக ஒரு டிக். 'ஃபயர்வால்' பக்கத்தில் 'சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் பழைய புராசஸரின் சுமை குறையும். வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு கிடைத்தது?

அந்த வீட்டில் எல்லாம் முடிய மதியச் சாப்பாடு ஆறிவிட்டது. மருமகளின் லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டார்கள். 150-ஐத் தாண்டியது. 300 இல்லை. ஆனால் 94-ம் இல்லை.

ஏன் 300 வரவில்லை? வாசல் அகலமானதும், நெருக்கடி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. யு.எஸ்.பி. வழியாக வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் ரவுட்டரின் புராசஸர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய புராசஸருக்கு அதுவே மூச்சு வாங்கும். இந்த எண் வீட்டுக்கு வீடு, மாடலுக்கு மாடல் மாறும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரவுட்டரின் மற்ற கேபிள் துளைகள் அப்படியே 100-தான். அவற்றில் கேபிள் மாட்டிய கம்ப்யூட்டர் இன்னும் 94-தான் காட்டும். பலன் கிடைப்பது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும் போன், லேப்டாப்புக்கும், ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் வீட்டுக்கும்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள ரவுட்டரில் வைஃபையே 100-ஐத் தொடத் திணறும். அதில் இந்த வேலை வீண்.

மருமகளுக்குப் பலன் கையில் தெரிந்தது. ஒரு கல்யாணத்தின் 20 ஜிபி வீடியோவை ஏற்ற 94 எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய 28 நிமிடம் ஆகும். 150-ல் 18 நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு முறை ஏற்றுபவருக்கு 40 நிமிடம் மிச்சம்.

யாருக்கு இது வேண்டாம்?

ரவுட்டரில் யு.எஸ்.பி. துளையே இல்லாதவர்களுக்கும், மாடல் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் இந்த வழி இல்லை. செட்டிங்ஸைத் தொடவே பயம் என்பவர்களும் விட்டுவிடலாம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிகாபிட் வாசல் உள்ள புது ரவுட்டர் கிடைக்கிறது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் மட்டும் ஒருபோதும் கை வைக்காதீர்கள். அது அவர்கள் சொத்து.

வேகம் ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் வேண்டும், ஃபைபர் பெட்டியில் கிகாபிட் துளையும் காலியாக இருக்கிறது என்றால், ரவுட்டரை விட்டுவிடுங்கள். அடாப்டரை லேப்டாப்பில் மாட்டி, கேபிளை நேராக ஃபைபர் பெட்டியில் சொருகினால் முழு வேகமும் கிடைக்கும். இந்த அடாப்டர் வாங்கினால் நஷ்டமில்லை என்பது இதனால்தான். ரவுட்டரில் எடுபடாவிட்டாலும் லேப்டாப்புக்கு உதவும்.

பழைய ரவுட்டருக்கு விடை கொடுப்பதானால், முதலில் ரீசெட் செய்து உங்கள் பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் இன்னொரு கேள்வி. அந்த வேகம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? நெட்ஃப்ளிக்ஸ் 4கே தரத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ். வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். 94-ல் ஆறு டி.வி.க்களில் ஒரே நேரத்தில் 4கே படம் ஓட்டலாம். படம் பார்க்க, வகுப்பு கேட்க, பேச மட்டும் இன்டர்நெட் என்றால் 100 எம்பிபிஎஸ் பிளானும் பழைய ரவுட்டருமே போதும். 300-க்குப் பணம் கட்டி 94-ல் இருப்பதுதான் நஷ்டம்.

அந்த வீட்டு மாமனார் இதைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் காபியோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இப்போ நமக்கு வர்றது 150தானே?"

"ஆமாம் மாமா."

"அப்போ 300-க்கு எதுக்குக் கட்டணும்? 150 பிளான் இருக்கான்னு கேளு."

இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மாற்றச் சொல்லிவிட்டார்கள். அடாப்டருக்கும் கேபிளுக்கும் ஆன செலவை மூன்று நான்கு மாதத்துப் பில்லில் எடுத்துவிடலாம் என்று மாமனார் காலண்டரின் ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நான்கு கம்பிக் கேபிளை மட்டும் தூக்கிப் போடவில்லை. "துணி காயப் போட ஆகும்" என்று மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.